முப்பது நாள் எண்ணிய வரிசை

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கஸ்தூரியின் ஜெராக்ஸ் கடைக்கு வராத பாடம் கிடையாது. பதினெட்டு வருஷமாக அவள் டைப் அடித்துக் கொடுத்த காலேஜ் புராஜெக்ட்டுகளில் சூரிய ஒளியில் ஓடும் பம்புசெட் இருந்தது, கிணற்றுத் தண்ணீரின் உப்பு இருந்தது, பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் இருந்தன, நூலகத்துக்கு எழுதிய சாப்ட்வேர் இருந்தது, மில் தொழிலாளர்களின் மனநிறைவைப் பற்றி நூறு பக்கத்துக்கு ஓர் ஆய்வும் இருந்தது. சான்றிதழ்ப் பக்கம் எங்கே வரணும், நன்றியுரையில் கைடு பேருக்குப் பின்னால் பட்டங்களை எந்த வரிசையில் போடணும், இடதுபக்க மார்ஜினில் பைண்டிங்குக்கு எவ்வளவு விடணும் என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது. திருச்சுழியில் பிளஸ் டூ முடித்தவள், பத்தொன்பது வயதில் பொன்ராஜைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பொன்ராஜ் லோடு வேன் ஓட்டுகிறவர்.

அவள் வாழ்க்கை திரும்பியது ஒரு கழித்தல் குறியால்தான். கணக்குப் பாடத்து மாணவி ஒருத்தியின் புராஜெக்ட்டில் ஒரு சூத்திரத்தை மாற்றி அடித்துவிட்டாள். முதலில் வரவேண்டிய கிரேக்க எழுத்து பின்னால் போய்விட்டது. அந்தப் பெண் கவனிக்கவில்லை, கைடு கவனித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். திருத்தும்போது கஸ்தூரிக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு எழுத்து இடம் மாறினால் அப்படி என்ன குடி முழுகிவிடும்?

அன்றைக்கு மதியம் ரேணுகாதேவி மேடம் வினாத்தாள் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். காலேஜில் மேனேஜ்மென்ட் பாடம் நடத்துகிறவர். கஸ்தூரி அந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டினாள்.

"மேடம், இது என்னன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். வருஷம் அஞ்சு தடவ அடிக்கிறேன், எனக்கு ஒரு எழவும் வெளங்கல."

மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது வரிசையில நிக்கிறதப் பத்தின கணக்கும்மா. இந்த எழுத்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேரு வாராங்கன்னு. அந்த எழுத்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர நம்மளால முடிச்சு அனுப்ப முடியும்னு. அதுல இருந்து இதக் கழிச்சு, வந்ததால ஒண்ண வகுத்தா, ஒருத்தர் சராசரியா எம்புட்டு நேரம் காத்துக் கிடக்கணும்னு வந்துரும்."

கஸ்தூரி கடை வாசலைப் பார்த்தாள். ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் ரேஷன் கார்டை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தார்.

"அப்ப இது என் கடைதான!" என்றாள்.

மேடம் சிரித்துவிட்டார். போகும்போது, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிலேயே பி.பி.ஏ. படிக்கலாம், எங்கள் காலேஜிலேயே சென்டர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதை அவர் மறந்திருப்பார். கஸ்தூரி மறக்கவில்லை. அடுத்த மாதமே விண்ணப்பம் போட்டுவிட்டாள். பொன்ராஜிடம் சொன்னபோது அவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "படி. யாரு வேணாங்கா? ஞாயித்துக்கெழம கறி மட்டும் நான் வச்சுக்கிறேன்" என்றார். சொன்னபடி மூன்று வருஷமும் வைத்தார். உப்புதான் ஒருநாள் கூட, ஒருநாள் குறைய.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பதினேழு பேர். அதில் அசோக் என்று ஒருவன். நரிக்குடிப் பக்கம். அவன் அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் கதிரறுக்கப் போனவர்கள். அவன் ஐ.டி.ஐ. முடித்து, விருதுநகர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தான். முப்பத்தஞ்சு வயது. அடுத்த பதவிக்குப் போக டிகிரி கேட்டார்கள் என்று சேர்ந்தவன். கஸ்தூரிக்குப் புள்ளியியல் என்றாலே பயம். திட்டவிலக்கம் என்ற பக்கத்தை அவள் பத்து தடவை படித்தும் ஏறவில்லை. அசோக்தான் மில்லிலிருந்து இரண்டு நூல்கண்டு கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான்.

"அக்கா, ரெண்டுக்கும் சராசரி தடிமன் ஒண்ணுதான். இத இழுத்துப் பாருங்க, எங்கயும் ஒரே சீரா வரும். இப்ப இத இழுங்க. ஒரு எடத்துல தடியா, ஒரு எடத்துல மெலிசா வருதா? இது தறியில அறுந்துரும். சராசரிய மட்டும் பாத்து வாங்குனவன் செத்தான். இந்த ஏத்த எறக்கம் எம்புட்டுன்னு அளக்குறதுதான் திட்டவிலக்கம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அந்தப் பரீட்சையில் கஸ்தூரி எழுபத்தியெட்டு வாங்கினாள். அன்றிலிருந்து அசோக் அவளுக்குத் தம்பி மாதிரி. நோட்ஸ் எதுவானாலும் அவனுக்கு ஒரு காப்பி தனியாக எடுத்து வைப்பாள்.

மூன்றாம் வருஷம் புராஜெக்ட் வந்தது. வகுப்பில் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "உங்களுக்கென்னக்கா, கம்ப்யூட்டர்ல கெடக்கும் முந்நூறு. பேர மாத்திப் பிரிண்ட் போட வேண்டியதுதான!"

கிடந்தது என்னவோ உண்மைதான். கடைக் கம்ப்யூட்டரில் 'மாடல்' என்று ஒரு ஃபோல்டர். அதில் பதினெட்டு வருஷத்துப் புராஜெக்ட்டுகள். "அக்கா, ஒரு மாடல் குடுங்க, பாத்துட்டுத் தாரேன்" என்று வருகிற பிள்ளைகளுக்கு அவள் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பாள். அவை என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. சூரிய ஒளி பம்புசெட் ஆறு வருஷத்தில் ஆறு பேர் பெயரில் போயிருக்கிறது. அட்டையில் வருஷத்தை மாற்றியதே அவள்தான். அதை அவள் தப்பாக நினைத்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள் கேட்பதைக் கொடுப்பதுதானே கடை.

ஆனால் தன் புராஜெக்ட்டை மட்டும் அந்த ஃபோல்டரிலிருந்து எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்தக் கழித்தல் குறி அவளை விடவில்லை. ரேணுகாதேவி மேடத்திடம் போய், "என் கடை வரிசையத்தான் மேடம் எழுதப் போறேன்" என்றாள். மேடமே கைடு. "எழுதுங்க. ஆனா எண்ணணும். குத்துமதிப்பு ஆகாது" என்றார்.

பிப்ரவரியில் எண்ணத் தொடங்கினாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. ஆள் உள்ளே வந்தால் ஒரு கோடு, வெளியே போனால் ஒரு கோடு, எதிரே மணி. அவளுக்குக் கை ஒழியாத நேரத்தில் சந்தனம்மாள் போடுவாள். சந்தனம்மாள் கடையில் பதினோரு வருஷமாக ஸ்பைரல் பைண்டிங் போடுகிறவள், ஐம்பதைத் தாண்டியவள், வெற்றிலைக்காரி. அவள் போட்ட பக்கங்களில் எல்லாம் சிவப்புப் புள்ளி விழுந்திருக்கும்.

"ஏ தாயி, கடைக்குள்ள வந்துட்டு ஒண்ணும் எடுக்காமப் போனவனுக்கும் கோடு போடணுமா?"

"எதுக்கு வந்தான்?"

"ஃபேனுக்கு."

"வேண்டாம் விடுங்க."

முப்பது நாள் இப்படி எண்ணினார்கள். மார்ச் நடுவில் கணக்குப் போட்டாள். ஒரு மணி நேரத்துக்குப் பத்தொன்பது பேர் வருகிறார்கள். அவளால் இருபது பேரை அனுப்ப முடிகிறது. கழித்தால் ஒன்று, ஒன்றை அதால் வகுத்தாலும் ஒன்று. அப்படியென்றால் ஒருத்தர் கடைக்குள் நுழைந்து வெளியேறச் சராசரி ஒரு மணி நேரம். கஸ்தூரி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இருபது பேரை அனுப்பக்கூடிய கடைக்குப் பத்தொன்பது பேர்தானே வருகிறார்கள், நன்றாகத்தானே நடக்கிறது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். ஒரே ஒரு ஆதார் அட்டைக்கு, வீரசோழனிலிருந்து பஸ் ஏறி வந்த மனுஷர் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். கேட்டால், "பரவால்லம்மா" என்றிருக்கிறார்.

நோட்டை மறுபடி புரட்டினாள். பத்தொன்பதில் பன்னிரண்டு பேர் ஒற்றைப் பக்கம் எடுக்க வருகிறவர்கள். ஒன்றேகால் நிமிஷ வேலை. மீதி ஏழு பேர் புராஜெக்ட் பிள்ளைகள். ஆளுக்கு ஆறு நிமிஷம். மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய சின்ன மிஷினைத் துடைத்து வாசலருகே போட்டாள். ஒற்றைப் பக்கக்காரர்களை எல்லாம் சந்தனம்மாளிடம் அனுப்பினாள், பைண்டிங்கை இடையிடையே பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மறுபடி ஒரு வாரம் எண்ணினார்கள். ஒற்றைப் பக்கக்காரர் இரண்டு நிமிஷத்துக்குள் போய்விட்டார். புராஜெக்ட்காரருக்கு இருபது நிமிஷம். சூத்திரம் சொன்னதும் கிட்டத்தட்ட அதையேதான். இரண்டும் பொருந்தியதைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சந்தனம்மாளிடம் சொன்னாள்.

"அதான் நானே பாக்குறேன்ல, முன்ன மாதிரி எவனும் என்னய மொறைக்கிறதில்ல" என்றாள் சந்தனம்மாள்.

ஏப்ரல் கடைசியில் அசோக் கடைக்கு வந்தான். முகம் வாடிப்போயிருந்தது. மில்லில் ஆள் குறைந்துபோய் பன்னிரண்டு மணி நேர வேலை, வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள். "புராஜெக்ட் ஒரு எழுத்தும் எழுதலக்கா. ஒங்களோடத மாடலுக்குக் குடுங்க. தலைப்பு எப்படிப் பிரிக்கிறதுன்னு மட்டும் பாத்துக்கிறேன்" என்றான். கஸ்தூரி யோசிக்கக்கூட இல்லை. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். "டீ குடிக்கிறியா?" என்று கேட்டாள். அவன் வேண்டாம் என்று கிளம்பிவிட்டான்.

மே மாதம் எல்லோரும் புராஜெக்ட்டைச் சமர்ப்பித்தார்கள். வகுப்பில் பதினாறு பேர் அவள் கடையில்தான் பைண்டிங் போட்டார்கள். அசோக் வரவில்லை. போன் போட்டுக் கேட்டதற்கு, மில்லுக்குப் பக்கத்தில் இருப்பதால் விருதுநகரிலேயே போட்டுவிட்டேன் என்றான். கஸ்தூரிக்குச் சின்ன வருத்தம். அவனுக்கென்று நல்ல கெட்டி அட்டை ஒன்று எடுத்து வைத்திருந்தாள்.

ஜூன் முதல் ஞாயிறு வாய்மொழித் தேர்வு. மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அவரோடு ரேணுகாதேவி மேடம். அகர வரிசை என்பதால் அசோக் முதல் ஆள். பத்து நிமிஷத்தில் முடியும் என்றார்கள், அரைமணி நேரம் ஆனது. வெளியே வந்தவன் யாரையும் பார்க்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்படிடா?" என்றாள் கஸ்தூரி.

"முடிஞ்சிருச்சுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

நாலாவது ஆளாக அவளைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் இரண்டு புராஜெக்ட்டுகள் விரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று அவளுடையது. பேராசிரியர் உட்காரச் சொன்னார். குரல் கடுமையாக இல்லை, ஆனால் களைத்திருந்தது.

"ரெண்டு புராஜெக்ட்டும் ஒண்ணாருக்கேம்மா. எண்ணெல்லாம் அப்படியே இருக்கு. நீங்க ஜெராக்ஸ் கடைன்னு எழுதியிருக்கீங்க, அவரு மில்லு கேண்டீன்னு எழுதியிருக்காரு. யாரைப் பாத்து யாரு எழுதுனது? நீங்க டைப்பிங் சென்டர் வேற வச்சிருக்கீங்களாம். உங்ககிட்ட எல்லாரோட ஃபைலும் இருக்கும்ல?"

அவர் என்ன நினைக்கிறார் என்பது கஸ்தூரிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பதினெட்டு வருஷக் கடையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நிற்கிறது. ரேணுகாதேவி மேடம் பேச வாயெடுத்தார். பேராசிரியர் கையைக் காட்டி, "அவங்களே சொல்லட்டும்" என்றார்.

"அந்தப் பொஸ்தகத்தக் கொஞ்சம் பாக்கலாமா சார்?" என்றாள்.

தள்ளிவைத்தார். புரட்டினாள். அவள் வரிகள்தான். அவள் ராத்தூக்கம் முழித்துத் திருத்திய அதே வரிகள். அப்புறம் இருபத்திமூன்றாம் பக்கம் வந்தது. அசோக் கம்ப்யூட்டரில் 'ஜெராக்ஸ்' என்ற சொல்லை எல்லாம் ஒரே தட்டில் 'கேண்டீன்' என்று மாற்றியிருக்கிறான். படித்துப் பார்க்க நேரமில்லை போலிருக்கிறது. 'ஆதார் அட்டையை முன்பக்கமும் பின்பக்கமும் கேண்டீன் எடுக்க வருபவர்களே அதிகம்' என்று இருந்தது. அடுத்த பத்தியில், 'கேண்டீன் மிஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டால் ஐந்து நிமிடம் வீணாகிறது'. அதற்கும் கீழே, 'இவ்வேளைகளில் சந்தனம்மாள் ஸ்பைரல் போடுவதை நிறுத்திவிட்டுக் கோடு போட்டார்'.

அவளுக்கு எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்ததோ. முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள், அப்படியும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேராசிரியர் முகத்திலும் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

"நானும் கேட்டேன், சந்தனம்மாள் யாருன்னு. கேண்டீன் மாஸ்டர்னாரு" என்றார்.

ரேணுகாதேவி மேடம் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

பேராசிரியர் மறுபடி முகத்தை இறுக்கிக்கொண்டார். "சரி. பதினாலாவது நாளு வந்தவங்க எண்ணிக்கை பூஜ்யம்னு போட்டிருக்கு. ஏன்?"

"அன்னிக்குக் கரண்டு இல்ல சார். மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையில ஒம்போதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் நிறுத்திட்டாக. ஆளு வந்தாக சார், வாசலோட திருப்பி அனுப்பிட்டோம். அத எண்ணுறதா வேண்டாமான்னு மேடத்துக்கிட்ட போன் போட்டுக் கேட்டேன்."

மேடம் தலையாட்டினார்.

"அவரு லீவுன்னு சொன்னாரு. மூணாம் பக்கத்துல மில்லு வருஷம் முழுக்க ஓடும்னு அவரே எழுதியிருக்காரு" என்றார் பேராசிரியர். "ஆதாரம் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

கஸ்தூரி பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்தாள். பேராசிரியர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கோடு, கோடு, கோடு. வெற்றிலைப் புள்ளிகளைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"கேண்டீன் மாஸ்டரு சார்" என்றாள்.

இந்தத் தடவை அவரும் அடக்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கடைசியா ஒண்ணு. இன்னொரு புது மிஷினு வாங்கிப் போட்டா இந்த இருபது நிமிஷம் குறையுமா?"

இதை அவள் எழுதவில்லை. யாரும் சொல்லித் தரவுமில்லை. கொஞ்சம் யோசித்தாள். "குறையாது சார். புராஜெக்ட் பிள்ளைக காத்து நிக்கிறது மிஷினுக்காக இல்ல, எனக்காக. கைடு போட்ட திருத்தத்தை எங்கிட்டதான் சொல்லணும், நான் ஒருத்திதான் அடிக்கணும். மிஷினு நாலு இருந்தாலும் நானு ஒருத்திதான். குறையணும்னா டைப் அடிக்க இன்னொரு ஆளு வேணும். இல்லன்னா கைடுக எல்லாரும் ஒரே தடவையில திருத்தம் போடணும்."

"அது நடக்காது" என்றார் ரேணுகாதேவி மேடம்.

பேராசிரியர் எதையோ எழுதினார். பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். "புராஜெக்ட் உங்களோடதுதான். சந்தேகமில்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன். அவரு கைக்கு இது எப்படிப் போச்சு?"

"நான்தான் சார் குடுத்தேன். மாடலுக்குன்னு கேட்டான்."

"இதுக்கு முன்னாடி யாருக்காச்சும் குடுத்திருக்கீங்களா?"

சிரிப்பெல்லாம் வடிந்துபோனது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நெறயப் பேருக்கு" என்றாள்.

"உங்க முப்பது நாள ஒருத்தர் எடுத்துக்கிட்டா எப்படி இருக்குன்னு இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டீங்க" என்றார் அவர். அசோக்கின் புராஜெக்ட் நிராகரிக்கப்பட்டு, டிசம்பரில் புதிதாகச் செய்து சமர்ப்பிக்க வேண்டும் என்று முடிவானது. கஸ்தூரி ஃபைலைக் கொடுத்ததற்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் அசோக் நின்றுகொண்டிருந்தான். போய்விட்டிருப்பான் என்று நினைத்தாள். அவனைப் பார்த்ததும் கோபம் வந்தது.

"ஏலே, முப்பது நாளு! முப்பது நாளு எண்ணுனேன்டா. தலவலியோட எண்ணுனேன். ஒனக்கு அது ஒரு தட்டுல கேண்டீனாப் போச்சா?"

"அக்கா..."

"விருதுநகர்ல பைண்டிங் போட்டது இதுக்குத்தானா? எங்கடைக்கு வந்தா நான் பாத்துருவேன்னு?"

அவன் ஆமாம் என்று தலையசைத்தான். பொய் சொல்லாதது ஒன்றுதான் அவளைக் கொஞ்சம் நிறுத்தியது.

"நேரமே இல்லக்கா. கடைசி நாளு வந்துருச்சு. எண்ணுதானேன்னு நெனச்சுட்டேன்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உள்ள அவரு அந்த வரிய வாசிக்கச் சொன்னாரு. ஆதார் அட்டைய கேண்டீன் எடுக்கன்னு. நானே என் வாயால வாசிச்சேன்க்கா."

கஸ்தூரிக்கு மறுபடி சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இந்த நேரத்தில் சிரிக்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினாள். அசோக் அதைப் பார்த்துவிட்டான். பாவம், அவனுக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்று சிரித்ததைப் பார்த்து, உள்ளே போகக் காத்திருந்தவர்கள் பரீட்சை சுலபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கோபம் அதோடு போய்விடவில்லை. இரண்டு மாதம் அவள் அவனுக்குப் போன் போடவில்லை. அவன் போட்டால் எடுத்து, "ம், சொல்லு" என்பாள். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அவள் மனசில் குடைந்துகொண்டிருந்தது அசோக் இல்லை, சூரிய ஒளி பம்புசெட்தான். அதை முதலில் செய்த பையன் யார் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. வெயிலில் எத்தனை நாள் மொட்டைமாடியில் நின்று அளந்தானோ. அவன் பெயரை அழித்துவிட்டு ஐந்து பேர் பெயரை அவள் கையாலேயே அடித்திருக்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையைத் திறந்ததும் அந்த 'மாடல்' ஃபோல்டரை அழித்தாள். பக்க அமைப்பு மட்டும் வைத்து, உள்ளே வெறுமையாக ஒரு ஃபைல் செய்துகொண்டாள். மாடல் கேட்கிறவர்களுக்கு இனி அதுதான். பொன்ராஜ் மதியம் சோறு கொண்டுவந்தபோது சொன்னாள்.

"பிள்ளைக வேற கடைக்குப் போயிருமே" என்றார் அவர்.

"போகட்டும். வரிசையாவது கொறையும்."

கொஞ்சம் பேர் போகத்தான் செய்தார்கள். நிறையப் பேர் முணுமுணுத்துவிட்டு அங்கேயே நின்றார்கள். டைப் அடிக்க அவளை விட்டால் அந்தத் தெருவில் வேகமான ஆள் இல்லை.

ஆகஸ்ட்டில் அசோக் மில் கேண்டீனில் நிஜமாகவே எண்ணத் தொடங்கினான். இதை அவன் சொல்லவில்லை, ரேணுகாதேவி மேடம் சொன்னார். சாப்பாட்டு இடைவேளை அரைமணி நேரம். அதில் தட்டு வாங்கவே ஆளுக்கு இருபத்திரண்டு நிமிஷம் போகிறது, மீதி எட்டு நிமிஷத்தில் பாதிப் பேர் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள் என்று அவன் கணக்கில் வந்தது. அத்தனை வருஷமாக அவனும் நின்றே தின்றவன்தான். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போயிருக்கிறான். எல்லோரையும் ஒரே நேரத்தில் விடாமல் இரண்டு பிரிவாக, அரைமணி இடைவெளியில் விட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று காட்டியிருக்கிறான். மேனேஜர் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம் என்றார். சோதனை முடிந்தும் யாரும் பழையபடி மாற்றச் சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் கஸ்தூரிக்குப் போன் வந்தது. பின்னால் தட்டுச் சத்தம்.

"அக்கா, பிஸியா?"

"சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா. உக்காந்து சாப்புடுறேன். சும்மா சொல்லணும்னு தோணுச்சு."

"என்ன கொழம்பு?"

"சாம்பாரு."

"மெதுவாச் சாப்புடு" என்றாள். வைத்த பிறகுதான், தன் குரலில் அந்த இரண்டு மாதத்து முறுக்கு இல்லை என்று கவனித்தாள்.

டிசம்பர் வாய்மொழித் தேர்வில் அசோக் தேறினான். கஸ்தூரியின் பட்டச் சான்றிதழ் ஜனவரியில் பதிவுத் தபாலில் கடைக்கே வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "என்னம்மா, நீங்களே படிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சந்தனம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, தொடாமல் தள்ளி நின்று பார்த்தாள். பெயர் தமிழிலும் இங்கிலீஷிலும் இருந்தது. இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை என்பதைக் கஸ்தூரி முதலில் பார்த்துக்கொண்டாள், தொழில் பழக்கம்.

பொன்ராஜ் லோடு இறக்கிவிட்டு வந்தவர், சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நம்ம மிஷினுதான இருக்கு, உடனே லேமினேட் பண்ணிரு. அழுக்காயிரப் போகுது" என்றார்.

"ஐயய்யோ, ஒரிஜினல லேமினேட் பண்ணக் கூடாதுங்க. நாளப்பின்ன எங்கயாச்சும் சரிபாக்கணும்னா ஏத்துக்க மாட்டாக. அப்படியே கவர்ல போட்டு வைக்கணும்."

"அப்ப ஜெராக்ஸ் எடுத்து மாட்டுவோம்."

அதற்குச் சரி என்றாள். வாசலில் ஏழு பேர் நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு எடுக்கலாம் என்று அவள் சான்றிதழை மேஜை டிராயருக்குள் வைக்கப் போனாள். முன்னால் நின்ற பெண், "அக்கா, மொதல்ல அத எடுங்க. நாங்க நிக்கிறோம்" என்றாள்.